மூச்சு எண்ண ஒரு நிமிஷம் வேணும்

நைட் டியூட்டி முடிச்சு வந்தும் தூக்கம் வரல, அதான் இத எழுதுறேன்.

நேத்து ராத்திரி ஒரு வயசான அம்மா பெட் பக்கத்துல கம்ப்யூட்டர் ட்ராலிய நிறுத்தி என்ட்ரி போட்டுட்டு இருந்தேன், முகம் ஸ்கிரீன் பக்கம், முதுகு அவங்க பக்கம். கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா கேக்குறாங்க, "சிஸ்டர், உங்க வேலை முடிஞ்சதும் ஒண்ணு சொல்லணும்மா". என் வேலையே நீங்கதாம்மான்னு சொல்ல வாய் வரல. சாயங்காலத்துல இருந்தே படுத்தா மூச்சு முட்டுதாம், நான் பிஸியா இருக்கேன்னு சொல்லாம இருந்திருக்காங்க. உக்கார வச்சு, வாட்ச பாத்து ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். 28. சார்ட்டுல முந்தின மூணு என்ட்ரியும் 20, 20, 20.

நர்ஸா இருக்குறவங்களுக்கு இது புரியும். பிபி, பல்ஸ், ஆக்ஸிஜன் அளவு எல்லாம் மெஷின் காட்டிடும், ஆனா மூச்ச பெரும்பாலான வார்டுல நாமதான் நெஞ்ச பாத்து எண்ணணும். பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12ல இருந்து 20 வரை நார்மல், உடம்பு மோசமாகப் போகுதுன்னா பல நேரம் முதல்ல மாறுறதே இதுதான். அந்த ஒரு நிமிஷம்தான் நம்மகிட்ட இல்ல. கட்டத்துல 20ன்னு தட்டினா சிஸ்டம் எதுவும் கேக்காது, காலியா விட்டா மட்டும் சிவப்பு காட்டி சேவ் பண்ண விடாது. நானும் எண்ணாம போட்டிருக்கேன், அத நெனச்சாதான் இப்ப வயித்த பிசையுது.

ஏன் நேரம் இல்லன்னு கேட்டா, படுக்கைப்புண் ரிஸ்க் பாக்குற பிரேடன் ஸ்கேல் மட்டும் 6 தலைப்பு, அப்புறம் விழுந்துடுவாங்களான்னு ஒரு ஸ்கோர், வலி ஸ்கோர், மாத்திரை கொடுத்துட்டு திரும்ப வலி ஸ்கோர், டிரிப்ஸ் ஏத்த ஐவி ஊசி போட்ட இடம், உள்ள போன தண்ணி வெளிய போன சிறுநீர் கணக்கு (இன்டேக் அவுட்புட்), இதுல பாதி வேற ஒரு பக்கத்துலயும் கேக்கும். ஒவ்வொண்ணும் தேவையானதுதான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா அத்தனையும் அத்தனை பேஷண்ட்டுக்கும் ஒரே ஷிஃப்ட்டுல வர்றப்ப கண்ணு ஆளப் பாக்குறத விட்டுட்டு கட்டத்தப் பாக்க ஆரம்பிச்சிடுது. நடுவுல லாகின் தானா வெளிய போயிடும். அலர்ட் மேல அலர்ட் வரும், முக்கியமானதும் வரும் ஒண்ணுமில்லாததும் வரும், கை தானா ஓகே அழுத்தும். காலையில அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஒப்படைக்குற ஹேண்டோவர்ல பக்கம் பக்கமா டிக் இருக்கு, ராத்திரி அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு தேடினா கிடைக்காது.

நோட்டுக்கே திரும்பிப் போகலாம்னு சொல்ல வரல. புரியாத கையெழுத்தப் பாத்து டோஸ் என்னன்னு பயந்த காலம் மறக்கல. மருந்தையும் பேஷண்ட் கைப்பட்டையையும் ஸ்கேன் பண்ணி ஒத்துப்போகுதான்னு பாக்குற பார்கோடு முறை வந்தப்புறம், 2010ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, நேரம் தவறினத தவிர்த்து மருந்து கொடுக்குறதுல வர்ற தப்பு சுமார் 41% குறைஞ்சிருந்தது. அது பெரிய விஷயம், அது உயிர். ஆனா அதே கைப்பட்டை பார்கோடு கசங்கி ஸ்கேன் ஆகாத ராத்திரி, இன்னொரு கைப்பட்டை பிரிண்ட் எடுத்து ட்ராலியில ஒட்டி அத ஸ்கேன் பண்றவங்களும் உண்டு. பாதுகாப்புக்குன்னு வந்ததே அங்க ஓட்டையாகுது. அவங்க சோம்பேறி இல்ல, நாலு பெட் தள்ளி ஒருத்தர் கூப்பிட்டுட்டு இருப்பாரு.

என் ஆதங்கம் என்னன்னா, இந்த ஸ்கிரீன் பில்லுக்கும் ஆடிட்டுக்கும் நாளைக்கு கேஸ் வந்தா காட்டுறதுக்கும்தான் வசதியா இருக்கு. எழுதலன்னா செய்யலன்னு அர்த்தம்னு முதல் வருஷத்துல இருந்து சொல்லித்தான் வளக்குறாங்க. ஆனா "பாத்தா ஏதோ சரியில்ல"ன்னு எங்களுக்குத் தோணுறத எந்தக் கட்டத்துல போடுறது? ஆஸ்திரேலியாவுல 1990கள்ல அவசர டீம கூப்பிடுற முறை வந்தப்ப, பேஷண்ட்டப் பத்தி ஸ்டாஃபுக்கு கவலையா இருக்குங்குறதயே ஒரு காரணமா வச்சாங்க, நம்பர் எல்லாம் நார்மலா இருந்தாலும் கூப்பிடலாம். அந்த மாதிரி ஒரு இடம், முதல் பக்கத்துலயே, லிஸ்டுல இருந்து தேர்ந்தெடுக்குற டிராப்டவுன் இல்லாம எங்க வார்த்தையில எழுதுற மாதிரி வேணும். புதுசா ஒரு கட்டம் சேக்குறவங்க, இத யாரு படிக்கப்போறாங்கன்னு சொல்லிட்டு சேக்கணும், படிக்க ஆள் இல்லாத பழசு ஒண்ண எடுக்கணும். மானிட்டர்ல இருக்குற நம்பர் தானா சார்ட்டுக்குப் போகணும், அத நான் பாத்து பாத்து டைப் பண்ற நேரத்துல ரெண்டு பேருக்கு மூச்சு எண்ணிடுவேன்.

டூட்டி டாக்டர் உடனே வந்தாரு. நுரையீரல்ல நீர் கோத்திருந்தது, ஆக்ஸிஜன் வச்சு ஊசி போட்டு, விடியிறப்ப 20க்கு இறங்குச்சு. இந்தத் தடவ எண்ணிப் போட்ட 20.

கிளம்பும்போது அந்த அம்மா கையப் புடிச்சு, "உங்க வேலைய கெடுத்துட்டேனா சிஸ்டர்"னு திரும்பவும் கேட்டாங்க.