காகித ஸ்ட்ராவாம், அதுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையாம்!

ஜூஸ் டப்பாவுக்குக் காகித ஸ்ட்ரா வைக்கச் சொன்ன மகராசன், கத்திரி வெயில்ல வேலூர் புது பஸ் ஸ்டாண்டுல நின்னு அதுல குடிச்சுப் பார்த்திருப்பானா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்.

நேத்து மத்தியானம் குடியாத்தம் பஸ்ஸுக்கு நிக்கிறேன், தொண்டை காஞ்சு கிடக்குது. மாம்பழ ஜூஸ் ஒண்ணு, தண்ணி பாட்டில் ரெண்டு வாங்கிட்டு, "ஒரு கவர்ல போட்டுக் குடுண்ணா"ன்னேன். "கவர்லாம் இல்ல நைனா, பார்த்தா ஃபைன் போட்றாங்கோ"ன்னார். நியாயம்தான், 2019 ஜனவரி 1ல இருந்து நம்ம மாநிலத்துல பிளாஸ்டிக் கவருக்குத் தடை. ஆனா அண்ணன் தலைக்கு மேல பாருங்க: ஷாம்பு, ஊறுகாய், சிப்ஸ், மிக்சர்னு சரம் சரமா தோரணம்! அதெல்லாம் வாழை நாருல செஞ்சது போல. கம்பெனியில ஒட்டி வந்துட்டா அதுக்குப் பேரு பேக்கிங். நான் கையில கேட்டா அதுக்குப் பேரு குற்றம்.

சரி, ஜூஸுக்கு வருவோம். டப்பா மேல பச்சை இலை படம். முதுகுல காகித ஸ்ட்ரா. அந்தக் காகித ஸ்ட்ராவைச் சுத்தி, பளபளன்னு பிளாஸ்டிக் உறை. நகத்தால கிழிச்சேன், வரல. பல்லால கடிச்சேன், உறை அப்படியே இருக்குது, உள்ள ஸ்ட்ரா முனை நசுங்கிப் போச்சு. எப்படியோ உருவி எடுத்து ஓட்டையில வச்சுக் குத்தினா, ஓட்டை மேல இருக்கிற படலம் அசையல, ஸ்ட்ரா மடங்குது. திருப்பிப் பிடிச்சுக் குத்தினேன், அந்தப் பக்கமும் மடங்குது. கையில வேற வேர்வை, ஸ்ட்ரா ஊற ஆரம்பிச்சிடுச்சு. பக்கத்துல பூ கட்டிக்கிட்டிருந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துட்டு, கொண்டையில இருந்து ஊசியை உருவி, "இத்தால குத்துப்பா"ன்னு குடுத்தாங்க. குத்தினேன். டப்பாவை இறுக்கிப் பிடிச்சிருந்தேன் போல. பீச்சியடிச்சது பாருங்க, வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, பூக்கூடை, எல்லாத்துக்கும் அபிஷேகம். மிச்சத்தை உறிஞ்சினா மூணாவது இழுப்புலயே ஸ்ட்ரா கரைஞ்சு வாய்க்குள்ள. மாம்பழக் கூழ் எது, காகிதக் கூழ் எதுன்னு பிரிக்கவே முடியல.

மாம்பழக் கூழ்னா ஏதோ நிறைய இருக்குதுன்னு நினைச்சுக்காதீங்க. எது எடை அதிகமோ அதைத்தான் பட்டியல்ல முதல்ல எழுதணும்ங்கறது விதி. கண்ணாடியைத் துடைச்சுட்டுப் படிச்சேன். முதல்ல தண்ணி, அடுத்து சர்க்கரை, அதுக்கப்புறம்தான் மாம்பழம். 10 சதவீதம் பழம் இருந்தாலே பழ பானம்னு விக்கலாமாம். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் தாண்டினா ஆந்திரா, சித்தூர் பக்கம் கிளிமூக்கு மாம்பழத்தைக் கூழாக்குற ஃபேக்டரிங்க. விலை விழுந்த வருஷம் விவசாயி பழத்தை ரோட்டோரம் கொட்டிட்டுப் போறான். பழத்துக்கு மதிப்பில்ல, டப்பாவுக்கு மட்டும் காகிதம், பாலித்தீன், அலுமினியம்னு ஆறு அடுக்கு!

அந்த டப்பாவுல மூணு அம்புக்குறி போட்டு, மறுசுழற்சி செய்யலாம்னு வேற போட்டிருக்கான். செய்யலாமே, காகித நாரைத் தனியாப் பிரிக்கிற ஆலை எங்க இருக்குதோ அங்க கொண்டு போய்க் குடுத்தா. எங்க தெரு காயலான் கடைக்காரர் அதைத் தொடவே மாட்டார். சிப்ஸ் கவர் இன்னும் மோசம். மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குக் கவரை ரெண்டு வருஷத்துல ஒழிக்கணும்னு 2016ல விதி வந்துச்சு. 2018ல திருத்தினாங்க: மறுசுழற்சிக்கும் ஆகாம, எரிச்சு சக்தி எடுக்கவும் ஆகாம, வேற எதுக்குமே உதவாத கவரை மட்டும் ஒழிச்சா போதுமாம். எரிஞ்சா பாஸ்! எரியாத கவரை நான் பார்த்ததில்லப்பா. குப்பை கொட்டியே மேடாக்கின சதுப்பேரி ஏரிப் பக்கம் புகையில மூச்சுத் திணறிப் போனவங்களைக் கேளுங்க, நல்லாவே எரியும்னு சொல்லுவாங்க.

2022 ஜூலை 1ல நாடு முழுக்க பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை வந்தப்ப, கம்பெனிங்க இன்னும் டைம் குடுங்கன்னு கேட்டுப் பார்த்தாங்க, கிடைக்கல. அதுக்குத்தான் இந்தக் காகிதக் குச்சி. உறை அப்படியே, டப்பா அப்படியே, பூமியைக் காப்பாத்துற வேலை மட்டும் என் உதட்டுக்கு.

இந்தக் கூத்துல குடியாத்தம் பஸ் கிளம்பிப் போயே போச்சு. அடுத்த பஸ்ல ஏறினா ஆளே இல்ல, ஆனா எல்லா சீட்டுலயும் துண்டு, கர்ச்சீப், டிபன் கேரியர் மூடி. ஜன்னல் வழியா போட்டு வச்சிருக்காங்க. ஒரு சீட்டைக் கேட்டேன். "ஆள் வர்றாங்கோ சார்." யாருய்யா வர்றா? பள்ளிகொண்டா வரைக்கும் ஒட்டுற சட்டையோட நின்னுகினே போனேன், ஒருத்தரும் வரல. கர்ச்சீப்தான் ஜம்முன்னு உக்காந்துகினு வந்துச்சு. அதுக்கு டிக்கெட் எடுத்தீங்களாய்யா?