நாற்காலி ஜப்தியும் நாம் சிரித்த சிரிப்பும்

அந்தப் படம் இரண்டு நாளாக எல்லார் பக்கத்திலும் ஓடுகிறது, அதனால் நான் மறுபடி போடவில்லை. நில எடுப்பு இழப்பீட்டைக் கொடுக்காததால் கோர்ட் அமீனா (ஜப்தி செய்ய வரும் கோர்ட் ஊழியர்) வந்து ஓர் அரசு அலுவலகத்திலிருந்து நாற்காலி, மேசை, கம்ப்யூட்டர் என்று தூக்கிக்கொண்டு போகிறாரே, அதுதான். 'கால் உடைந்த நாற்காலி, ஏலம் விட்டால் பஸ் காசு தேறுமா' என்று ஒருவர். கீழே வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலிகள். அதுகூடப் பரவாயில்லை. நான் மதிக்கிற நண்பர் ஒருவர், நாலு விஷயம் தெரிந்தவர், அவரும் ஒரு ஸ்மைலியைப் போட்டு எழுதுகிறார்: 'அதான் தீர்ப்பு வந்துவிட்டதே, அப்புறம் என்ன அவசரம்? அரசாங்கம் எங்கே ஓடிப் போய்விடும்?'

அவசரம்! அந்தச் சொல்லைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

1991-இல் எங்களுடைய 1 ஏக்கர் 40 சென்ட்டைப் புறவழிச்சாலைக்கு எடுத்தார்கள். அவசரம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். 1894-ஆம் வருட நில எடுப்புச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டுவிட்டால் 5ஏ விசாரணை நடத்தாமலே விடலாம், உங்கள் ஆட்சேபம் என்ன என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. நெல் பால் பிடித்திருந்த நேரம். இருபது நாள் விட்டால் அறுத்துக்கொள்கிறோம் என்று அப்பா கேட்டார். 'மேலிடத்து அவசரங்க' என்றார் வந்தவர்.

அந்த அவசரத்துக்கான கடைசிப் பணம் எங்களுக்கு வந்தது 2019-இல்.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவார்டு, அதாவது அதிகாரிகள் நிர்ணயித்த இழப்பீடு, சென்ட்டுக்கு 210 ரூபாய். கட்டுப்படியாகாது என்று 18-ஆம் பிரிவின்கீழ் சப் கோர்ட்டுக்குப் போனோம். 2004-இல் 1,900 ரூபாய் என்று தீர்ப்பு. அன்றைக்கு அப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். அரசு மேல்முறையீடு செய்தது. 2013-இல் ஹைகோர்ட்டிலும் ஜெயித்தோம். மிட்டாய் கொடுக்கவில்லை. 2014-இல் இ.பி. போட்டோம், தீர்ப்பை நிறைவேற்றித் தாருங்கள் என்று கேட்கும் மனு. 2017-இல் எங்களுக்காகவும் அமீனா ஒரு ஜீப்பை ஜப்தி செய்யப் போனார். டயரில் காற்று இல்லை. அன்றும் நாலு பேர் சுற்றி நின்று சிரித்திருப்பார்கள்.

தீர்ப்பு வாங்குவது வேறு, பணம் வாங்குவது வேறு. இதைத்தான் நான் தலைகீழாக நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நானாகக் கண்டுபிடித்ததும் இல்லை. இந்தியாவில் வழக்காடுகிறவனின் கஷ்டம் டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று, அன்றைக்கு நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு நில வழக்கில் (1980-இல் போட்ட கிரைய ஒப்பந்தம், 1986-இல் போட்ட வழக்கு), நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் எல்லா ஹைகோர்ட்டுக்கும் சொன்னது. ஆறு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் நாடு முழுக்க 8.82 லட்சம் மனுக்கள் நிலுவை. தமிழ்நாட்டில் மட்டும் 86 ஆயிரத்துக்கு மேல். இத்தனை பேரும் ஜெயித்தவர்கள். தோற்றவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

'அப்போ ரோடே வேண்டாமா?' என்று ஒரு கோஷ்டி வரும். வேண்டும். நானும் அதில்தான் வண்டி ஓட்டுகிறேன். அடுத்து.

'மேல்முறையீடு அரசின் உரிமை, மக்கள் வரிப்பணம்.' இதற்கு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டும். பாக்கி இழப்பீட்டுக்கு அந்தச் சட்டப்படி முதல் வருடம் 9 சதவீத வட்டி, அப்புறம் வருடத்துக்கு 15. இழுக்க இழுக்க ஏறுவது யார் தலையில்? அதே மக்கள் வரிப்பணத்தில்தான். சென்ட்டுக்கு 1,900 கொடுக்க மனமில்லாமல் கடைசியில் அதைப்போலப் பல மடங்கு கொடுத்தார்கள். யாராவது ஒருவரிடம் ஏன் இழுத்தாய் என்று கேட்டிருப்பார்களா?

'உங்கள் வக்கீலும்தானே வாய்தா வாங்கினார்?' வாங்கினார். அதை விடுங்கள்.

வட்டி என்றதும் இன்னொரு கூத்து. தாமதம் செய்தது அவர்கள், அதற்காகக் கொடுப்பதுதான் வட்டி. கோர்ட் கூட்டிக் கொடுத்த தொகைக்கான வட்டியும் இழப்பீட்டின் பகுதிதான் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வருடமே வருமான வரிச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பாதியைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்கிய வருடத்து வருமானமாகக் கணக்கில் காட்ட வேண்டும். இத்தனை வருடத்துக் காத்திருப்பு ஒரே வருடத்து 'வருமானம்'. எங்களுக்கு டி.டி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடித்துத்தான் கொடுத்தார்கள். அதில் மட்டும் ஒருநாள் தாமதம் இல்லை.

வோடஃபோனும்தான் 2012 ஜனவரியில் வரி வழக்கில் ஜெயித்தது, அந்த வருடமே பழைய வருடங்களுக்கும் சேர்த்து முன்தேதியிட்டுச் சட்டத்தை மாற்றினார்களே என்பீர்கள். மாற்றினார்கள், தப்புதான். ஆனால் அவர்கள் சர்வதேச நடுவர் மன்றம்வரை போனார்கள், 2020-இல் ஜெயித்தார்கள், 2021-இல் அரசே அந்த முன்தேதி வரியை விலக்கிக்கொண்டது. ஒன்பது வருடம். என் அப்பா எந்த நடுவர் மன்றத்துக்குப் போவார்? தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடி வரைக்கும்தான் அவருக்குப் பஸ்.

பெரியப்பா கதை இதைவிட மோசம். அவர் பங்குப் பணத்தைக் கருவூலத்தில் போட்டு வைத்திருந்தார்கள், கையில் தரவில்லை. 2013-இல் வந்த புதுச் சட்டத்தின் 24(2) பிரிவில், நிலம் கைக்கு எடுக்காவிட்டால் 'அல்லது' இழப்பீடு கொடுக்காவிட்டால் பழைய எடுப்பு காலாவதி என்று இருந்தது. கருவூலத்தில் போட்டது கொடுத்ததாகாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது மனுஷன் குதித்தார். 2020 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்த 'அல்லது'வை 'மற்றும்' என்று படிக்க வேண்டும், இரண்டும் நடக்காவிட்டால்தான் காலாவதி, கருவூலத்தில் போட்டதும் போதும் என்று சொல்லிவிட்டது. ஆறு வருடத்தில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் மாறிவிட்டது. பெரியப்பா தமிழ் வாத்தியார். 'அல்லது'வைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், பாதியில் நிறுத்திவிடுவார்.

சரி, அமைதியாகக் கேளுங்கள் என்கிறீர்கள். 1995-இல் பணம் கேட்டு ஊர் ஜனம் ரோட்டில் உட்கார்ந்தது. ஒரு பஸ் இருபது நிமிடம் நின்றது. பொது அமைதிக்குக் குந்தகம் என்று அப்பா உட்பட பதினோரு பேர்மேல் வழக்கு, ஆறு வருடம் வாய்தா. சட்டம் ஒழுங்கு வேறு, பொது ஒழுங்கு வேறு, நாட்டின் பாதுகாப்பு வேறு, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் என்று சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1965-லேயே விளக்கியிருக்கிறது. அப்பா எந்த வட்டத்திலும் இல்லை, ஒரு துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். பொது வழியைக் காலவரையின்றி மறிக்கக் கூடாது என்று 2020-இல் டெல்லி ஷாஹீன் பாக் சாலை மறியல் வழக்கில் வந்த தீர்ப்பை நானும் ஏற்கிறேன். இருபது நிமிடத்துக்கு ஆறு வருடம் வழக்கு. இருபத்தெட்டு வருடம் பணத்தை மறித்தவர்மேல் என்ன பிரிவு?

நீதிபதிகளைக் குறை சொல்லவில்லை. எங்கள் சப் கோர்ட் நீதிபதி அருமையான மனுஷன், அப்பாவை உட்காரவைத்துத்தான் பேசுவார். குறை அதற்கு அப்புறம் நடப்பதில். அந்தப் படத்தில் இருப்பது கோர்ட்டின் வெற்றியும் இல்லை, அந்த நாற்காலியின் விலையும் இல்லை. வேறு எதற்கும் வழியில்லாமல் போன ஒரு குடும்பம் கடைசியாகக் கைவைத்த பொருள்.

அப்பா 2018 ஆடியில் போய்விட்டார். பணம் அடுத்த வருடம். வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள், அதே தாலுகா ஆபீசுக்குத்தான் போக வேண்டியிருந்தது. 'உட்காருங்க சார்' என்று நாற்காலியைக் காட்டினார்கள். நான் நின்றுகொண்டேதான் கையெழுத்துப் போட்டேன்.

நண்பரே, உங்களை நண்பர் பட்டியலிலிருந்து எடுக்கப் போவதில்லை. அந்த ஸ்மைலியை மட்டும் எடுத்துவிடுங்கள்.