பாக்கெட்டின் பின்பக்கம் மட்டும் போதாது

'லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்' என்று டாக்டர் முதல் வாட்ஸ்அப் வரை எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல பழக்கம்தான், நானும் படிக்கிறேன். ஆனால் இந்த அறிவுரை மொத்தப் பொறுப்பையும் வாங்குகிறவர் தலையில் கட்டிவிடுகிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒரு சூப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 'சோடியம் 800 மில்லிகிராம்' என்று இருக்கிறது. இது அதிகமா, குறைவா? சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். அதாவது 2 கிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கிண்ணம் சூப்பிலேயே ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்துவிட்டது. சரி, அந்த 800 எதற்கு? 100 கிராமுக்கா, ஒரு சர்விங்குக்கா, அதாவது ஒருவர் ஒருவேளைக்குச் சாப்பிடுவதாக நிறுவனம் கணக்கிடும் அளவுக்கா? பாக்கெட்டில் இரண்டு சர்விங் இருப்பதாகப் பொடி எழுத்தில் போட்டிருந்தால், முழுவதையும் குடித்தவருக்குக் கணக்கு இரட்டிப்பாகிவிடும். பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவசரமாகப் பொருள் எடுக்கிறவர் இதையெல்லாம் எப்படிப் போட்டுப் பார்ப்பார்?

சர்விங் என்ற அளவே பல விஷயங்களை மறைத்துவிடுகிறது. ஒரு சர்விங்கில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 0.5 கிராமுக்குக் கீழே இருந்தால் 0 என்றே போட்டுக்கொள்ள அமெரிக்க விதி இடம் கொடுத்தது. நாலைந்து சர்விங்கை ஒரே மூச்சில் சாப்பிட்டவர் உடம்புக்குள் போனது பூஜ்யம் அல்ல.

அப்படியானால் லேபிளால் பயனே இல்லையா? இருக்கிறது, அதுவும் நாம் எதிர்பார்க்காத இடத்தில். அதே அமெரிக்காவில் 2006இல் டிரான்ஸ் கொழுப்பின் அளவை லேபிளில் தனியாகக் காட்டுவது கட்டாயமானது. அந்த எண் வெளியே தெரியும் என்றதுமே பல நிறுவனங்கள் தயாரிப்பு முறையை மாற்றி அந்தக் கொழுப்பைக் குறைத்தன. லேபிளை ஒருநாளும் படிக்காதவருக்கும் அதனால் நன்மை.

சிலி நாடு இன்னும் ஒரு படி மேலே போனது. 2016 முதல் சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி இவற்றில் எது வரம்பைத் தாண்டினாலும் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை. பெருக்கலும் வேண்டாம், மூக்குக் கண்ணாடியும் வேண்டாம். கூடவே அத்தகைய பொருள்களைப் பள்ளிகளில் விற்கவும் குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் தடை வந்தது. முத்திரை விழுந்த பானங்கள் வாங்குவது ஏறத்தாழ கால்பங்கு குறைந்ததாக ஆய்வு காட்டியது. முத்திரைக்குத் தப்பிக்க நிறுவனங்களும் சர்க்கரையையும் உப்பையும் குறைத்தன.

பிரான்ஸ் 2017இல் கொண்டுவந்த நியூட்ரி-ஸ்கோர் முறை உணவுப் பொருள்களை A (நல்லது) முதல் E (மோசம்) வரை ஆங்கில எழுத்துகளால் தரம் பிரிக்கிறது. இரண்டு பொருள்களை ஒப்பிட அது உதவும். ஆனாலும் என் ஓட்டு எச்சரிக்கை முத்திரைக்குத்தான். ஒரே எழுத்தில் நல்லதும் கெட்டதும் கலந்துவிடுகின்றன. எதனால் அந்த மதிப்பெண் என்று அதில் தெரிவதில்லை. சர்க்கரை நோயாளிக்குத் தெரிய வேண்டியது சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவருக்கு உப்பு.

முத்திரையிலும் ஓட்டை உண்டு. சர்க்கரையைக் குறைத்த இடத்தில் செயற்கை இனிப்பூட்டிகள் வந்து உட்கார்ந்தன, சிலியிலும் இதுவே நடந்தது. 2020இல் முத்திரையைக் கொண்டுவந்த மெக்சிகோ இதற்கும் சேர்த்தே விதி செய்தது. 'இனிப்பூட்டிகள் உள்ளன, குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை' என்ற வரியும் அங்கே பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.