குப்பம்மாளும் கடைசி ரோஜாவும்

அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து பதினோரு நாள் ஆகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு பெயர்ப் பட்டியல் வந்து விழுகிறது, எதை எடுத்தாலும் அர்த்தம் நிலா, மலர், தேவதை, இல்லாவிட்டால் லட்சுமியின் இன்னொரு பெயர். இந்த அகராதி அர்த்தத்தில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

எங்கள் அப்பத்தா பெயர் குப்பம்மாள். அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லையாம், அதனால் பிறந்த கையோடு குப்பைமேட்டில் போட்டு எடுத்து, எமன்கூடத் திரும்பிப் பார்க்காத ஒரு பெயராக வைத்துவிட்டார்கள். பிச்சையம்மாள் என்ற பெயருக்கும் இதே கதைதான். கொரியாவில்கூட அந்தக் காலத்தில் பிள்ளைகளை நாய்ப்பீ என்று பொருள் வரும்படி கூப்பிட்டிருக்கிறார்கள், காரணமும் இதேதான். காதுக்கு அசிங்கம், உள்ளே அத்தனையும் தவிப்பு.

இப்போது துருக்கிக்கு வாருங்கள். சோன்குல் என்று ஒரு பெயர், அர்த்தம் கடைசி ரோஜா. என்ன அழகு! ஆனால் இதோடு பிள்ளை போதும் என்று வைக்கிற பெயர் அது (ஓசைக்காக வைப்பவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்). அங்கேயே யெத்தெர் என்றும் பெண்கள் இருக்கிறார்கள், அதாவது 'போதும்', நம்ம ஊர் போதும்பொண்ணுவேதான். கசாக்கியர்களிடம் உல்போல்சின், 'ஆண் பிள்ளையாகட்டும்'. சீனத்தில் ஜாவோதி, 'தம்பியை அழைத்து வருபவள்'. மராட்டியில் நகுசா, வேண்டாதவள்; சாத்தாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் அரசே விழா எடுத்து 285 நகுசாக்களுக்கு வேறு பெயர் வைத்தது. பெயர் இவளுக்கு, விண்ணப்பம் இன்னும் பிறக்காத ஒருத்தனுக்கு. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

என்னோடு ஆறாவது வரை படித்தவள் பெயர் வேண்டாம். வருகைப் பதிவேட்டைப் பார்த்து வாத்தியார் "வேண்டாம்" என்று கூப்பிட்டதும் பின் பெஞ்சு பசங்கள் "வேணும் சார்" என்று கத்துவோம் (ஆமாம், நானும்தான்), அவள் தலையைத் தூக்காமல் "உள்ளேன் ஐயா" என்பாள். அவளுக்குப் பிறகும் இரண்டு தங்கச்சிகள்தான் பிறந்தார்கள், அது வேறு. போன வருஷம் ஊர்த் திருவிழாவில் பார்த்தேன். பேரை மாத்தியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக்குன்னு யாரு அலையிறது, இப்ப போயி அதெல்லாம் வேண்டாம்" என்றவள், சொன்ன பிறகுதான் கவனித்து வாய்விட்டுச் சிரித்தாள்.