தீ வைப்பவனைத் திட்டும் முன்

ஒவ்வொரு ஆண்டும் ஜூலை, ஆகஸ்ட் வந்தால் ஒரு படம் சுற்ற ஆரம்பிக்கும். நாசா செயற்கைக்கோள்கள் பதிவு செய்த தீப்புள்ளி வரைபடம். அங்கோலா, காங்கோ, ஜாம்பியா எல்லாம் செக்கச்செவேலென்று இருக்கும். கூடவே "ஆப்பிரிக்கக் காடுகள் எரிகின்றன, ஊடகங்கள் மௌனம்" என்று ஒரு வரி, இரண்டு அழுமூஞ்சி எமோஜி. 2019 ஆகஸ்டில் அமேசான் தீ உலகச் செய்தியானபோது, சஹாராவுக்குத் தெற்கிலும் காடு எரிகிறது என்று பிரான்ஸ் அதிபர் மக்ரோனே ட்வீட் போட்டார். இந்த வருடமும் என் நண்பர்களில் சிலர் அந்தப் படத்தைப் பகிர்ந்திருக்கிறார்கள். நல்ல மனதோடுதான். ஆனால் அந்தச் சிவப்பில் பெரும்பகுதி காடே இல்லை. புல்.

உலகில் ஓர் ஆண்டில் எரியும் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆப்பிரிக்காவில்தான் எரிகிறது. அதில் மிகப் பெரும்பகுதி சவன்னா, அதாவது ஆங்காங்கே மரம் நிற்கும் புல்வெளி. வெப்பமண்டலப் புற்கள் அங்கே பரவத் தொடங்கிப் பல லட்சம் தலைமுறைகள் ஆகின்றன. அந்தப் புல்வெளிகள் மின்னல் தீயோடு சேர்ந்தே வளர்ந்தவை. மனிதன் கையில் தீ வந்ததும் அந்தக் கண்டத்தில்தான். தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய சாம்பலையும் எரிந்த எலும்புகளையும் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அங்குள்ள பல மரங்களுக்குத் தடித்த பட்டை. சில மரங்கள் தண்டையும் கிளையையும் மண்ணுக்கடியில் வைத்துக்கொண்டு, இலையை மட்டும் வெளியே நீட்டுகின்றன. நெருப்போடு பழகிப்போன ஊர் அது.

மழைக்காலத்தில் புல் ஆளுயரம் வளரும். அடுத்த ஐந்தாறு மாதம் சொட்டு மழை கிடையாது. காய்ந்த தண்டு மட்காது, மாடும் தின்னாது. ஒன்று விலங்குகள் முன்பே மேய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் என்றைக்காவது எரிந்தே தீரும். தான்சானியாவின் செரங்கெட்டி சமவெளியில் நடந்ததைப் பாருங்கள். 1890களில் வெக்கை நோய் வந்து மாடுகளும் காட்டு விலங்குகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பின்னாளில் சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு நோயை ஒழித்ததும், 1960களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வைல்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) எண்ணிக்கை 1970களின் முடிவில் 13 லட்சத்தைத் தொட்டது. அவை புல்லைத் தின்று தீர்க்க, தீயின் பரப்பு சுருங்கியது. அப்புறம் மரங்கள் கூடின. தீயைக் குறைத்தது எந்தத் தீயணைப்புத் துறையும் இல்லை, மாட்டுக்குப் போட்ட ஊசி!

ஆக, புல் எரியும். எந்த மாதத்தில் எரிகிறது, யார் கையால் எரிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதற்கு எளிய சாட்சி ஜாம்பியாவின் ந்டோலாவில் 1933-இல் தொடங்கிய சோதனைத் துண்டுகள். ஒன்றில் கோடையின், அதாவது மழையில்லாத பருவத்தின், தொடக்கத்தில், புல்லில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே ஆண்டுதோறும் தீ வைத்தார்கள்: மரக்காடு அப்படியே நின்றது. இன்னொன்றில் கோடைக் கடைசியில், எல்லாம் மொறமொறவென்று காய்ந்தபின் வைத்தார்கள்: மரங்கள் போய்ப் புல்வெளி ஆனது. மூன்றாவதில் தீயே வைக்கவில்லை: அடர்ந்த காடாகிவிட்டது. மண் ஒன்று, மழை ஒன்று.

இந்தச் சோதனையெல்லாம் வரும் முன்பே மேற்கு ஆப்பிரிக்கக் கிராமத்துக்காரர்களுக்கு இது தெரியும். தெற்கு மாலியில் பல வருடங்கள் சுற்றி ஆராய்ந்தவர் பால் லாரிஸ் என்ற அமெரிக்கப் புவியியலாளர். அவர் எழுதியதைப் படித்தபிறகுதான் எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வமே வந்தது. அங்கே மழை ஓய்ந்ததும், மேடான செம்பாறை நிலத்தில் இருக்கும் குட்டைப் புல்தான் முதலில் காயும். அதை உடனே எரிப்பார்கள். பக்கத்தில் ஆழமான மண்ணில் நிற்கும் உயரப் புல் இன்னும் பச்சையாக இருப்பதால் தீ அந்த ஓரத்தோடு நின்றுவிடும். சில வாரம் கழித்து அடுத்த வகைப் புல் காயும், அதில் கொஞ்சம் எரியும். இப்படியே படிப்படியாக. வெயில் உச்சத்துக்கு வரும்போது நிலம் முழுக்க எரிந்ததும் எரியாததுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். அந்த நேரத்தில் எவனோ பீடித்துண்டைப் போட்டாலும் தீ நாலு பக்கமும் ஓடுவதற்கு வழி இருக்காது.

நேரத்திலும் கணக்கு உண்டு. பெரும்பாலும் மாலையில்தான் வைப்பார்கள். காற்று தணியும், குளிர்ச்சி ஏறும், இரவில் தானே அணையும். பல சமயம் காற்றை எதிர்த்து நகரும்படி வைப்பார்கள். அது மெதுவாகத் தாழ்ந்து எரியும், மரத்தின் உச்சிக்குப் போகாது. கூரை வேயும் உயரப் புல்லை அறுத்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் நெருப்பு போகக் கூடாது. எரித்த இடத்தில் சில நாட்களில் துளிர் வரும், மாடு அங்கே போகும். பாதை தெரியும், பாம்பு பயம் குறையும், வயலுக்கும் தானியக் களஞ்சியத்துக்கும் காப்பு. ஒரு தீக்குச்சிக்குப் பின்னால் இத்தனை யோசனை இருக்கிறது.

இதைத்தான் காலனி அதிகாரிகள் 'பொறுப்பற்ற சுதேசிகளின் நாசவேலை' என்று பார்த்தார்கள். பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் 1935 வனச் சட்டம் புதர்த்தீக்குக் கட்டுப்பாடு போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. 1980களின் வறட்சியில் மாலி அரசு தீ வைத்தால் கடும் அபராதம் என்று அறிவித்தது. வனக்காவலர்கள் கிராமம் கிராமமாகப் போய் வசூல் செய்தார்கள். இப்படி ஒரு தடை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். மாட்டுக்குத் துளிர் வேண்டும் என்கிற தேவை போகாது. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்து, ஓரம் கட்டி, அணையும்வரை இருந்துவிட்டு வருவது போய்விடும். வைத்துவிட்டு ஓடவேண்டியதுதான். முன்பருவத்தில், அதாவது மழை ஓய்ந்த கையோடு, எரியாத புல்லெல்லாம் சேர்ந்து நின்று, மார்ச்சில் ஒரே மூச்சில் எரியும்.

கினியாவின் கிசிடுகு பகுதியில் இந்தப் பார்வை எவ்வளவு தூரம் தலைகீழாக இருந்தது என்று 1990களில் ஜேம்ஸ் ஃபேர்ஹெட், மெலிசா லீச் என்ற இரண்டு மானுடவியலாளர்கள் காட்டினார்கள். ஊர்களைச் சுற்றி இருந்த காட்டுத் திட்டுகள், மக்கள் அழித்தது போக மிஞ்சிய காட்டின் எச்சம் என்று அதிகாரிகள் நம்பினார்கள். பழைய வான்படங்களை எடுத்து ஒப்பிட்டால், பல இடங்களில் புல்வெளியில் அந்தத் திட்டுகளை வளர்த்ததே ஊர்க்காரர்கள்தான். நம் பக்கம் பிரிட்டிஷ் வனத்துறையிலும் அதே மனப்பான்மைதான் வேலை செய்தது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர் பழங்குடிகள், பருவத் தொடக்கத்தில் சருகுக்கு வைத்த சிறு தீ நிறுத்தப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி (லாண்டானா புதர்) காட்டை மூடியது என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, 'விஞ்ஞானிகளிடம் விட்டால் சரியாகச் செய்வார்கள்' என்று நினைப்பவர்களுக்கு தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவின் கதை. 1926-இல் தொடங்கியது, ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர். 1954-இல் அங்கே தொடங்கிய தீச்சோதனைகள் இன்றும் தொடர்கின்றன. ஒவ்வொன்றும் 7 ஹெக்டேர் அளவுள்ள துண்டுகள். ஆண்டுதோறும், ஓராண்டு விட்டு, இரண்டாண்டு விட்டு, வெவ்வேறு மாதங்களில் எரிப்பது, சிலவற்றை எரிக்காமலே விடுவது. நாற்பது ஆண்டுத் தரவை அலசியபோது ஓர் ஆச்சரியம்: தீ மரங்களின் எண்ணிக்கையைப் பெரிதாக மாற்றவில்லை, உயரத்தைத்தான் மாற்றியது. அடிக்கடி எரிந்த இடங்களிலும் மரங்கள் சாகவில்லை. மேலே கருகி, வேரிலிருந்து மறுபடி துளிர்த்துக் குட்டையாகவே நின்றன.

ஆராய்ச்சி அருமை. நிர்வாகம்தான் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாவியது. 1957-இலிருந்து பூங்காவைத் தொகுதிகளாகப் பிரித்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை அட்டவணை போட்டு எரித்தார்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி ஆகிறது என்று விமர்சனம் வந்தது. 1992-இல் அப்படியே திருப்பிப் போட்டார்கள்: இயற்கையாக மின்னல் வைக்கும் தீ மட்டும் எரியட்டும், மனிதர் வைப்பதை அணைப்போம். காகிதத்தில் கேட்க நன்றாக இருந்தது. ஆனால் பக்கத்திலேயே மொசாம்பிக் எல்லை. வேலை தேடிப் பூங்காவை நடந்தே கடந்தவர்கள், வேட்டைக்காரர்கள் என்று பலர் கையால் தீ வந்துகொண்டே இருந்தது. எரிந்த பரப்பில் பெரும்பங்கு மின்னலால் எரிந்தது இல்லை. 2001 செப்டம்பரில் பெருந்தீ ஒன்று கூரைப்புல் அறுக்க வந்த தொழிலாளர்களையும் வனக்காவலர்களையும் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் இப்போதைய முறை வந்தது. கோடைத் தொடக்கத்திலிருந்தே ரேஞ்சர்கள் ஆங்காங்கே புள்ளி வைப்பது போலத் தீ வைத்து, அது போகிற வரை போக விடுகிறார்கள். மாலிக்காரர்கள் செய்வதற்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள், அரை நூற்றாண்டு கழித்து. இன்னொன்றும் உண்டு. இத்தனை கொள்கை மாற்றங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், எவ்வளவு பரப்பு எரிந்தது என்பதை முடிவு செய்தது முந்தைய இரண்டு ஆண்டு மழைதான், கொள்கை அல்ல. புல் இருந்தால் எரிந்தது. அலுவலகத்தில் மாற்ற முடிந்தது நேரத்தையும் இடத்தையும்தான்.

தான்சானியாவின் கோரோங்கோரோ பள்ளத்திலிருந்து 1974-இல் மாடு மேய்க்கும் மசாய் மக்களை வெளியேற்றினார்கள். அவர்களோடு மாடும் போனது, அவர்கள் வைத்த தீயும் போனது. புல் முரடாகி உயர்ந்தது, விலங்குகளின் ரத்தம் குடிக்கும் உண்ணிப் பூச்சி பெருகியது. 2000-2001 வறட்சியின்போது காட்டெருமைகளும் காண்டாமிருகங்களும் சாக, காரணங்களில் ஒன்றாக உண்ணி நின்றது. பிறகு நிர்வாகமே முன்வந்து புல்லை எரித்தது. மசாய்களைக் கூப்பிட்டு மன்னிப்பு கேட்டதாகத் தகவல் இல்லை.

எல்லாத் தீயும் நல்லது என்று நான் சொல்லவில்லை. மழைக்காட்டின் ஓரத்தில் வைக்கும் தீ வேறு. கோடைக் கடைசித் தீ வேறு. புகை குழந்தைகளின் நெஞ்சுக்குக் கெடுதல் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 'ஆப்பிரிக்கா முன்பைவிட அதிகமாக எரிகிறது' என்பது பொய். 1998 முதல் 2015 வரை உலகில் எரியும் பரப்பு ஏறக்குறைய கால்வாசி குறைந்தது, அதில் பெரும்பகுதி குறைந்தது ஆப்பிரிக்கச் சவன்னாக்களில். வயல்களும் சாலைகளும் புல்லைத் துண்டு போட்டதே முக்கியக் காரணம். தீ குறைந்த இடங்களில், காற்றில் கூடிவரும் கார்பன் டை ஆக்சைடின் உதவியோடு முள்மரம் ஏறுகிறது. நமீபியாவில் கோடிக்கணக்கான ஹெக்டேர் மேய்ச்சல் நிலம் இப்படிப் புதர் மண்டிக் கிடக்கிறது. அந்தப் புதரில் ஒன்று நம் ஊர் விடத்தலை.

இதற்கு நடுவில் மரம் நடும் கூட்டம் வேறு. 2030-க்குள் 10 கோடி ஹெக்டேரை மீட்டெடுப்போம் என்று 2015-இல் ஆப்பிரிக்க நாடுகள் தொடங்கிய திட்டத்தில், வாக்குறுதி தரப்பட்ட நிலத்தில் ஏறக்குறைய பாதி காடு அல்லாத பரப்பு என்று 2024-இல் வந்த ஆய்வு சொன்னது. புல்வெளியைக் 'காடு இழந்த நிலம்' என்று எழுதிவிட்டால் போதும், யூகலிப்டஸ் நட நிதி வரும். அப்புறம் அந்தத் தோப்பைக் காக்கத் தீத்தடை வரும்.

கடைசியாக இப்போது கார்பன் காசு வந்திருக்கிறது. புல் எரிந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை அடுத்த மழையில் வளரும் புல் எடுத்துக்கொள்ளும். கூடவே வெளிவந்து பூமியைச் சூடாக்கும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும்தான் கணக்கில் நிற்கும். கோடைக் கடைசித் தீயை முன்பருவத் தீயாக மாற்றினால் எரியும் புல் குறையும், அந்தக் குறைவை, தங்கள் புகைக்கு ஈடு காட்ட நினைக்கும் நிறுவனங்களிடம் விற்கலாம். வட ஆஸ்திரேலியாவில் பழங்குடிகள் இதைச் செய்து வருமானம் பார்க்கிறார்கள், எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே நிலம் பெரும்பாலும் ஆளில்லாதது. தெற்கு மாலியில் ஊருக்கு ஊர் மாடும் பருத்தியும் இருக்கின்றன. ஈரப்புல் சரியாக எரியாமல் புகைந்தால் மீத்தேன் விகிதம் கூடவும் செய்யும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கார்பன் சந்தை, குறைத்ததற்குத்தான் பணம் தரும். தாத்தா காலத்திலிருந்து நவம்பரிலேயே எரித்துவரும் கிராமத்திடம் குறைக்க எதுவும் இல்லை. தடை போட்டு, புல் சேரவிட்டு, மார்ச்சில் எரியவிட்ட இடத்துக்குத்தான் காசோலை போகும்.