பாக்கெட் எங்கே நின்றது என்று பார்க்காமல் ஃபயர்வாலைத் திறக்காதீர்கள்

"கனெக்ட் ஆகவில்லை" என்று ஒரு டிக்கெட் வந்தால், பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் "ஃபயர்வாலை ஒருமுறை முழுசா திறந்து பார்ப்போமா?" என்று கேட்டுவிடுகிறார். பல வருடங்களாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போதும் கோபம் வருகிறது. பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) எங்கே நின்றது என்று தெரியாமல் எந்த ஃபயர்வால் விதியை மாற்றினாலும் அது குருட்டாம்போக்கில் செய்கிற வேலைதான்.

நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு விஎம்மில் (நிஜ சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) அப்ளிகேஷன், இன்னொன்றில் டேட்டாபேஸ். இரண்டும் வெவ்வேறு சப்நெட் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு), வெவ்வேறு ஹோஸ்ட் (விஎம்களைத் தாங்கும் நிஜ சர்வர்). நடுவில் விர்ச்சுவல் ரவுட்டர், ஹோஸ்ட்களுக்கு இடையில் விஎக்ஸ்லான் டன்னல், அதாவது விஎம்மின் பாக்கெட்டை ஹோஸ்டின் பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் வழி. முந்தைய நாள் வரை ஒழுங்காக ஓடியது. பராமரிப்பு வேலை முடிந்து டேட்டாபேஸ் விஎம்மை ரீபூட் செய்ததும் அப்ளிகேஷனால் அதைத் தொட முடியவில்லை.

முதல் நான்கு மணி நேரம் யூகத்திலேயே போனது. செக்யூரிட்டி குரூப்பில் (விஎம்முக்கான ஃபயர்வால் விதிகளின் தொகுப்பு) டேட்டாபேஸ் போர்ட்டை 0.0.0.0/0 என்று எல்லோருக்கும் திறந்தார்கள். விர்ச்சுவல் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தார்கள். அப்ளிகேஷன் விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அதே டைம்-அவுட்.

ஒருவர் ட்ரேஸ்ரூட் (பாக்கெட் கடக்கும் ரவுட்டர்களைப் பட்டியலிடுவது) ஓடவிட்டுப் பார்த்தார். அது நல்ல கருவிதான், ஆனால் டிடிஎல்லை, அதாவது ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று குறைக்கும் எண்ணை, குறைக்கிற இடங்களை மட்டுமே காட்டும். ஹோஸ்டுக்குள் விஎம்மை நெட்வொர்க்கோடு இணைக்கும் மெய்நிகர் துண்டுகளான பிரிட்ஜ், டாப் இன்டர்ஃபேஸ், விஎத் ஜோடி எதுவும் டிடிஎல்லைத் தொடாது. டன்னலுக்குள் போகிற பாக்கெட்டின் டிடிஎல்லை வெளியே உள்ள ரவுட்டர்களும் குறைப்பதில்லை. திரையில் இரண்டு வரி தெரிகிறது என்றால், அந்த இரண்டுக்கும் நடுவில் பாக்கெட் செத்துப்போகப் பத்து இடம் இருக்கலாம்.

அப்புறம்தான் பாதையை ஒரு தாளில் வரைந்தோம். அப்ளிகேஷன் விஎம்மின் நெட்வொர்க் கார்டு, அதற்கான டாப் (ஹோஸ்ட் பக்கம் உள்ள மறுமுனை), முதல் ஹோஸ்டின் நிஜ கார்டு, இரண்டாவது ஹோஸ்டின் நிஜ கார்டு, டேட்டாபேஸ் பக்க டாப், விஎம்முக்குள் இருக்கும் கார்டு. ஆறு இடம். நடுவிலிருந்து தொடங்கினால் ஒரே பார்வையில் பாதி இடம் கழிந்துவிடும். இரண்டாவது ஹோஸ்டின் நிஜ கார்டில் டிசிபிடம்ப் (கடந்துபோகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) போட்டோம். இந்த இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுவார்கள். விஎம்மின் ஐபியைப் போட்டு ஃபில்டர் செய்தால் ஒன்றும் சிக்காது, ஏனென்றால் வெளியே தெரிகிற முகவரிகள் ஹோஸ்ட்களுடையவை. விஎக்ஸ்லான் பயன்படுத்தும் யுடிபி 4789 போர்ட்டைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் விஎன்ஐ (விஎக்ஸ்லான் நெட்வொர்க்கின் அடையாளம்) எண்ணோடு உள்ளே இருக்கும் பாக்கெட்டையும் பிரித்துக் காட்டும். காட்டியது. அப்ளிகேஷனின் சின் பாக்கெட், அதாவது இணைப்புக் கேட்கும் முதல் பாக்கெட், அங்கே வந்திருந்தது. 1 நொடி, 2 நொடி, 4 நொடி என்று இடைவெளி இரட்டிப்பாக மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தது. பதில் கிடைக்காத சின் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

சரி, அப்படியானால் பாதையின் முதல் பாதி சுத்தம். ஓபன் விஸ்விட்ச்சில் (ஹோஸ்டில் ஓடும் மென்பொருள் ஸ்விட்ச்) ஃப்ளோ ட்ரேஸ் ஓடவிட்டோம். பாக்கெட் டேட்டாபேஸ் பக்க டாப்புக்குப் போய்ச் சேரும் என்றது. இது கற்பனைப் பாக்கெட்டை வைத்துச் சொல்கிற பதில் என்பதை மறக்கக் கூடாது. விதிகளின்படி என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும், நிஜப் பாக்கெட்டுக்கு என்ன நடந்தது என்று சொல்லாது, விஎம்முக்குள்ளும் எட்டிப் பார்க்காது. அதனால் டாப்பிலும் கேப்சர் எடுத்தோம். வந்திருந்தது. விஎம்முக்குள் இருக்கும் கார்டிலும் எடுத்தோம். அங்கேயும் வந்திருந்தது! ஆனால் பதில் என்று ஒரு பாக்கெட் கூட வெளியே போகவில்லை.

எல்லோரும் டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டார்கள். சர்வீஸ் ஓடுகிறது, போர்ட்டில் காத்துக்கொண்டும் இருக்கிறது, அதன் லாக்கில் ஒரு வரி கூட இல்லை. லினக்ஸில் உள்ளே வருகிற பாக்கெட்டை டிசிபிடம்ப் பார்ப்பது, கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஃபில்டர்களுக்கும் ரூட்டிங் முடிவுக்கும் முன்னால். அதனால் அதில் தெரிந்த பாக்கெட் அப்ளிகேஷன் வரை போனதாக அர்த்தமில்லை. கர்னலின் கவுண்டர்களைக் காட்டும் என்ஸ்டாட் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு சின் வரும்போதும் ரிவர்ஸ் பாத் ஃபில்டர் கவுண்டர் ஒன்று ஒன்றாக ஏறியது.

முந்தைய இரவு பேக்கப்புக்காக அந்த விஎம்மில் இரண்டாவது கார்டு சேர்த்திருக்கிறார்கள். டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானாகக் கொடுக்கும் சேவை) அந்தக் கார்டுக்கும் ஒரு கேட்வே (வெளியே போகும் வாசல்) கொடுக்க, டிஃபால்ட் ரூட், அதாவது தனி வழி குறிப்பிடாத பாக்கெட்டுகள் போகும் பாதை, அந்தப் பக்கம் போய்விட்டது. ஒரு கார்டில் வருகிற பாக்கெட்டுக்கு, பதில் வேறு கார்டு வழியாகத்தான் போக வேண்டும் என்று ரூட்டிங் டேபிள் சொன்னால், ஆர்பி-ஃபில்டர் (அதே ரிவர்ஸ் பாத் ஃபில்டர்) 1 என்ற கண்டிப்பான நிலையில் கர்னல் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். மதிப்பை 2 (தளர்வான நிலை) ஆக்கினால் போதும் என்று ஒருவர் சொன்னார். ஆக்கியிருந்தால் பாக்கெட் உள்ளே போயிருக்கும், பதில் தவறான கார்டு வழியாகப் போய் வேறு இடத்தில் செத்திருக்கும். டிஃபால்ட் ரூட்டைப் பழைய கார்டுக்கே திருப்பினோம். முதல் கேப்சரிலிருந்து அதுவரை நாற்பது நிமிடம்.

"பிங் (மெஷின் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறதே" என்பதையும் நான் சாட்சியாக ஏற்பதில்லை. ஐபிவி4 மேல் விஎக்ஸ்லான் 50 பைட் கூடுதலாகச் சுமக்கிறது. வெளியே எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500 என்றால் விஎம்முக்கு 1450 தான். அதைச் சரியாக வைக்காத இடத்தில் வழக்கமான பிங், 84 பைட் பாக்கெட், சிரமமே இல்லாமல் போய்விடும். டேட்டா பெரிதாக வரும்போதுதான் எல்லாம் தொங்கும். துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 1422 பைட் பிங்கும் (தலைப்புகளோடு 1450) 1472 பைட் பிங்கும் (தலைப்புகளோடு 1500) அனுப்பிப் பாருங்கள். முதலாவது போய் இரண்டாவது போகாவிட்டால் உங்கள் பாதையின் அளவு பெரும்பாலும் 1450. அதற்கு மேல் அனுப்புகிறவர் யார் என்று தேடினால் போதும்.

அன்று யூகத்தில் திறந்த விதிகள் என்ன ஆயின? யாரும் மூடவில்லை. டிக்கெட் மூடப்பட்டது, எல்லோரும் தூங்கப் போனோம். மூன்று வாரம் கழித்து வேறொரு வேலைக்காக அந்த செக்யூரிட்டி குரூப்பைப் பார்த்தபோது டேட்டாபேஸ் போர்ட் அப்படியே எல்லோருக்கும் திறந்து கிடந்தது. நெஞ்சு பதறியது. அது பிரச்சினையைத் தீர்க்கவும் இல்லை, ஆபத்தை மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தது.

அதன் பிறகு எங்கள் டிக்கெட் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தோம்: "பாக்கெட்டைக் கடைசியாகப் பார்த்த இடம்". அது காலியாக இருக்கும் வரை எந்த விதியையும் மாற்ற அனுமதி இல்லை. முதலில் முணுமுணுப்பு இருந்தது. போன வாரம் குழுவுக்குப் புதிதாக வந்தவர் அதில் எழுதியிருந்தார்: "முதல் ஹோஸ்டின் டாப்பில் இருக்கிறது, நிஜ கார்டில் இல்லை." அதைப் படித்ததும் எந்த மெஷினில் லாகின் செய்ய வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.