தூரத்தை வேகத்தால் வகுத்தால் மட்டும் போதாது
இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்தாலே பயண நேரம் தெரிந்துவிடும் என்று விமானப் பயண நேரம் பற்றிய இக்கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. எங்கள் ஊரையே எடுத்துக்கொண்டால், சென்னையிலிருந்து காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். கட்டுரையின் கணக்குப்படி 18 நிமிடங்களில் வந்துவிட வேண்டும், ஆனால் அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கிறது, ஏனெனில் இத்தடத்தில் பறக்கும் ஏடிஆர் என்ற சிறிய சுழல்விசிறி விமானத்தின் வேகமே மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான் என்பதோடு, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் மேலே ஏறுவதும் இறங்குவதும் அந்த நேரத்திற்குள் அடக்கம். நெடுந்தூரப் பயணங்களில் இவற்றின் பங்கு சுருங்கி, காற்றின் பங்கு பெரிதாகிறது. குறைந்த தூரமுள்ள வழியே எப்போதும் விரைவானது என்று இக்கட்டுரைக்கு ஒரு நண்பர் கருத்தாக எழுதியிருப்பதும் சரியல்ல: 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தனது டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியபோது தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர் கூடி 15,300 ஆனது, ஆயினும் வானில் மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரைந்து வீசும் ஜெட் காற்றோட்டம் பின்னிருந்து தள்ளியதால் ஏறத்தாழ 14.5 மணி நேரத்தில், முன்பைவிட விரைவாகவே, சென்று சேர்ந்தது. பிள்ளைகளை வழியனுப்பவும் அழைத்துவரவும் சேலத்திலிருந்து பெங்களூரு விமான நிலையம் உள்ள தேவனஹள்ளி வரை செல்லும் பெற்றோர், விமானம் போக எடுக்கும் நேரமும் திரும்ப எடுக்கும் நேரமும் ஏன் வேறுபடுகின்றன என்று கலங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு திசையில் தள்ளும் காற்றே மறு திசையில் தடுப்பதால், அவர்களுக்காகவாவது கட்டுரையாளர் இரு திசைகளுக்கும் தனித்தனி நேரங்களைத் தந்திருக்க வேண்டும்.